பிள்ளைகளின் பல்லும் அரசின் கடமையும்

2025 செப்டம்பர் 22 அன்று நாடு முழுவதும் சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் மாறின. பற்பசைக்கும் பிரஷ்ஷுக்கும் இருந்த 18 சதவீத வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அதே நாளில் சாக்லேட்டுக்கும் பிஸ்கட்டுக்கும் இருந்த 18 சதவீத வரியும் 5 சதவீதமாகக் குறைந்தது. பெட்டியில் அடைத்து விற்கப்படும் பழச்சாறு பானங்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து அதே 5 சதவீதத்துக்கு இறங்கியது. பல்லைக் காக்கும் பொருளுக்கும் பல்லைக் கெடுக்கும் பொருளுக்கும் ஒரே சலுகை. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருந்ததாக நாம் கருதவில்லை. குழந்தைகளின் பல் நலம் என்ற ஒன்று அந்தப் பட்டியலைத் தயாரித்தவர்களின் நினைவுக்கே வந்திருக்காது. நம் பொதுக் கொள்கையில் பிள்ளைகளின் பல்லுக்கு உள்ள இடம் எது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

நோயின் அளவோ சிறியதல்ல. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-ல் நடத்திய தேசிய வாய் நலக் கணக்கெடுப்பின்படி, 5 வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதத்தினருக்கும், 12 வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும், 15 வயதினரில் 63.1 சதவீதத்தினருக்கும் பல் சொத்தை இருந்தது. இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்து போய்விட்டார்கள். இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் மேற்கோளாக வருவது இந்தக் கணக்குதான். உலக அளவில் பால் பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. வாய் நோய்களால் பாதிக்கப்பட்ட நான்கு பேரில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் வாழ்பவர்கள். பணக்கார நாடுகளின் கவலை என்று நாம் ஒதுக்கிவிடக்கூடிய நோய் இல்லை இது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் நம்மைப் போன்ற நாடுகளில்தான் இருக்கிறார்கள்.

"பால் பல்தானே, விழுந்து முளைக்கப் போகிறது" என்ற பேச்சு எல்லா வீடுகளிலும் உண்டு. முன்பற்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். கடைவாய்ப் பால் பற்களோ 10, 12 வயது வரை இருந்து மெல்ல வேண்டியவை. அடுத்து முளைக்கும் நிலைப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பவை. அவை சொத்தையாகிச் சீழ் வைத்தால் குழந்தை ஒரு பக்கமாக மெல்லும், பிறகு சரியாக மெல்லாமலே விழுங்கும், இரவில் உறக்கம் கெடும், வகுப்பில் கவனம் சிதறும். வலியைச் சொல்லத் தெரியாத மூன்று வயதுக் குழந்தை அழும், அடம் பிடிக்கும், சோற்றை ஒதுக்கும். இன்னொன்றையும் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆறு வயதில் வாயின் கடைசியில் முதல் நிலைக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பால் பல்லும் விழாமல் புதிதாக வருவதால் அதையும் பால் பல் என்றே நினைத்து விட்டுவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் உதவ வேண்டிய பல், ஆரம்பப் பள்ளியை முடிக்கும் முன்பே குழியாகிவிடுகிறது.

இந்த நோய் எப்படி வருகிறது என்பதில் மர்மம் ஏதும் இல்லை. வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அமிலம் பல்லின் மேற்பூச்சான எனாமலைக் கரைக்கிறது. கரைந்ததை உமிழ்நீர் மெல்ல மெல்லச் சரிசெய்யும். அதற்கு இடைவெளி வேண்டும். மணிக்கொரு முறை இனிப்பு உள்ளே போனால் இடைவெளி கிடைக்காது. எவ்வளவு தின்றார்கள் என்பதைவிட எத்தனை முறை தின்றார்கள் என்பதே இங்கே முக்கியம். ஃபுளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் துலக்கினால் பல் அமிலத்தைத் தாங்கும் வலுவைப் பெறுகிறது. அத்தகைய பற்பசை பிள்ளைகளின் சொத்தையை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கிறது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துச் சொல்லப்பட்ட முடிவு. காரணமும் தெரியும், தடுக்கும் வழியும் தெரியும். தெரிந்தும் ஒரு நோய் பாதிப் பிள்ளைகளின் வாயில் இருக்கிறதென்றால் மருத்துவ அறிவு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

இனி, ஏற்றத்தாழ்வுக்கு வருவோம். நம் நாட்டில் சொத்தை பணக்கார வீட்டுக் குழந்தைக்கும் வருகிறது. சில காலம் முன்புவரை இனிப்புப் பண்டம் அதிகம் கிடைத்தது அவர்களுக்குத்தான். ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் கடைக்கோடிக் கிராமத்தின் பெட்டிக்கடை வரை தொங்கத் தொடங்கிய பிறகு அந்த வேறுபாடு அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பதும் வளர்ந்துகொண்டிருப்பதும் வேறொரு பிளவு: சொத்தை விழுந்த பிறகு அந்தப் பல்லுக்கு என்ன நேர்கிறது என்பது.

நகரத்தின் வசதியான வீட்டில் ஒரு குழந்தைக்குப் பல்லில் கரும்புள்ளி தெரிந்தால், அந்த வாரமே குழந்தைகள் பல் மருத்துவரிடம் கூட்டிச் செல்கிறார்கள். பல்லை அடைக்கிறார்கள், ஆழமாகப் போயிருந்தால் சில ஆயிரம் ரூபாய் செலவில் வேர் சிகிச்சை செய்து மூடி போடுகிறார்கள். பல் தங்குகிறது. கூலி வேலை செய்யும் வீட்டில் அதே கரும்புள்ளிக்குக் கிராம்புத் தைலம் கிடைக்கும். வலி மிகுந்தால் மருந்துக்கடை மாத்திரை. முகம் வீங்கிய பிறகுதான் அரசு மருத்துவமனை. அங்கே கூட்டிச் செல்ல அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதற்குள் பல்லைக் காப்பாற்றும் கட்டம் கடந்துவிட்டிருக்கும், பிடுங்குவதுதான் வழி. நோய் ஒன்றே, ஒரு குழந்தைக்குப் பல் மிஞ்சியது, இன்னொரு குழந்தைக்கு இடைவெளி மிஞ்சியது. இடையில் நின்ற வேறுபாடு குடும்பத்தின் வருமானம் மட்டுமே.

மருத்துவர் பற்றாக்குறை என்று இதற்குக் காரணம் சொல்ல முடியாது. நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பெரும்பான்மை தனியார் வசம். தமிழ்நாட்டில் சென்னை, சிதம்பரம் ஆகிய ஊர்களில் இருந்த அரசுக் கல்லூரிகளோடு 2023-ல் புதுக்கோட்டையிலும் ஒன்று சேர்ந்தது. ஆண்டுதோறும் பல்லாயிரம் பட்டதாரிகள் வெளியே வருகிறார்கள்; அவர்களில் பலர் வேலை தேடி அலைகிறார்கள் அல்லது வேறு தொழிலுக்குப் போய்விடுகிறார்கள். நகரத்தில் ஒரே தெருவில் மூன்று பல் மருத்துவமனைப் பலகைகளைப் பார்க்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையங்கள் எல்லாவற்றிலும் பல் மருத்துவர் இல்லை. வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், நல்ல மருத்துவம் அதன் தேவை மிகுந்த இடத்தில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-ல் எழுதினார். மருத்துவத்தைச் சந்தையின் போக்குக்கு விடும்போது இந்த நிலை மேலும் கடுமையாகும் என்றும் எச்சரித்தார். அவர் எழுதியது பொது மருத்துவத்தைப் பற்றி. பல் மருத்துவத்துக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது, ஏனென்றால் ஏறத்தாழ முழுவதையும் நாம் சந்தையிடமே விட்டுவிட்டோம். மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கென்று அமைந்த காப்பீட்டுத் திட்டங்கள், பல்லை அடைப்பது போன்ற புறநோயாளி சிகிச்சைக்குப் பொதுவாகக் கைகொடுப்பதில்லை.

இத்தனைக்கும் பிறகு பழி எளிதாகப் போய்ச் சேரும் இடம் தாயின் தலை. "பிள்ளைக்குப் பல் துலக்கிவிடவில்லையா? மிட்டாய் ஏன் வாங்கிக் கொடுத்தாய்?" பல் மருத்துவ நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று இந்தக் கேள்விகளைக் கேட்டுத் தலைகுனியாத ஏழைத் தாய்மார் குறைவு. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்து, ஆறரைக்குக் கம்பெனி வண்டியையோ நூறு நாள் வேலையையோ பிடிக்க ஓடுபவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கிறோம். நாள்முழுதும் குழந்தைகள் நிகழ்ச்சிகளுக்கு நடுவே இனிப்பை விளம்பரப்படுத்தும் நிறுவனத்திடமும், அதை அனுமதிக்கும் அரசிடமும் கேட்பதில்லை. பள்ளி வளாகத்துக்குள்ளும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் சர்க்கரையும் உப்பும் கொழுப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் விதி வகுத்தது. அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. பள்ளி விடும் நேரத்தில் அருகிலுள்ள கடையைப் பார்த்தாலே போதும். 4 முதல் 10 வயதுப் பிள்ளைகள் உட்கொள்ளும் ஆற்றலில் 13 சதவீதம் சர்க்கரையிலிருந்து வருகிறது, 5 சதவீதமே பரிந்துரைக்கப்பட்ட அளவு என்று 2025-ல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் பள்ளிகளுக்கு எழுதியது. சர்க்கரை பற்றிய அறிவிப்புப் பலகைகளை வைக்கச் சொன்னது. பலகை நல்லதே. ஆனால் பலகையைப் படித்துவிட்டு வெளியே வரும் பிள்ளையை வாசலில் எதிர்கொள்வது அதே ஐந்து ரூபாய்ப் பாக்கெட்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அனுபவத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிந்தது. எந்தத் துலக்கலாலும் அது போகாது. தலைமுறை தலைமுறையாக இளைஞர்களும் பெண்களும் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்திலும் வேலைக்குப் போன இடத்திலும் கூசி நின்றார்கள். வசதி உள்ளவர்கள் வேறு தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். மற்றவர்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பினார்கள். ஜப்பானிய நிதியுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அரசு மனம் வைத்தால் பல்லைக் காக்கக் காவிரியையே ஊர் ஊராகக் கொண்டுவர முடியும் என்பதற்கு அது சான்று. குழந்தைகளின் பல் தனிப்பட்ட வீட்டுப் பொறுப்பு என்ற வாதத்துக்கும் அது பதில். குடிக்கும் நீரைத் தாயால் மாற்ற முடியாது. சுற்றியுள்ள சந்தையையும் அவரால் மாற்ற முடியாது.

பொதுநலத் திட்டம் ஏற்றத்தாழ்வைக் குறைக்குமா என்ற கேள்விக்கு நடைமுறையில் பதில் சொன்ன நாடு ஸ்காட்லாந்து. 2003-ல் அங்கே ஆரம்பப் பள்ளியில் முதல் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாதவர்கள் 45 சதவீதமே. பாதிக்கு மேற்பட்டோரின் பற்கள் ஐந்து வயதிலேயே கெட்டிருந்தன. ஏழைப் பகுதிகளில் நிலைமை இன்னும் மோசம். இந்தக் காலத்தில் 'சைல்டுஸ்மைல்' என்ற திட்டம் உருவானது. அதன் மையம் மிக எளியது: எல்லா நர்சரிகளிலும் ஆசிரியையின் மேற்பார்வையில் பிள்ளைகள் நாள்தோறும் ஃபுளோரைடு பற்பசையால் பல் துலக்குவார்கள். பிரஷ்ஷும் பற்பசையும் வீட்டுக்கும் கொடுத்து அனுப்பப்படும். பின்தங்கிய பகுதிகளின் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே ஆண்டுக்கு இருமுறை ஃபுளோரைடு வார்னிஷ் பூசப்படும். 2020-ல் சொத்தை இல்லாத முதல் வகுப்புப் பிள்ளைகள் 73.5 சதவீதம். திட்டத்தின் செலவையும் பயனையும் கணக்கிட்ட ஆய்வு, எட்டாம் ஆண்டில் சிகிச்சைச் செலவில் மிச்சமான தொகை நர்சரித் திட்டச் செலவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் என்று கண்டது.

ஸ்காட்லாந்து இடைவெளியை முழுதும் மூடிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020-ல் வசதி மிகுந்த பகுதிகளில் சொத்தை இல்லாத பிள்ளைகள் ஏறத்தாழ 87 சதவீதம். மிகப் பின்தங்கிய பகுதிகளில் 58 சதவீதம். பக்கத்து இங்கிலாந்தில் 2024 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுப் பிள்ளைகளில் சொத்தை கண்டவர்கள் வசதியான பகுதிகளில் 13.6 சதவீதம், பின்தங்கிய பகுதிகளில் 32.2 சதவீதம். அங்கே 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்குப் பல் சொத்தைதான் முதல் காரணமாக இருந்துவருகிறது. இத்தனை ஆண்டுகள் தயங்கிய இங்கிலாந்து அரசு, 2025-ல் பின்தங்கிய பகுதிகளின் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்கு மேற்பார்வையோடு பல் துலக்கும் திட்டத்துக்கு நிதி ஒதுக்கியது. பிரிட்டனில் 2018-ல் வந்த குளிர்பான வரியும் தன் பங்கைச் செய்தது. பானத்தில் உள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்து வரி அமைந்ததால், நிறுவனங்கள் தாங்களே சர்க்கரையைக் குறைத்தன. பல் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை 12 சதவீதம் குறைந்ததாக 2023-ல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவிலும் காற்றடைத்த பானங்களுக்கு 40 சதவீத வரி உண்டு. ஆனால் அது சர்க்கரையின் அளவைப் பார்ப்பதில்லை. பிள்ளைகள் விரும்பிக் குடிக்கும் மாம்பழ பானமோ 5 சதவீத வரிசையில் இருக்கிறது.

இவற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் தெளிவானது. நோட்டீஸ் அடித்து, விழிப்புணர்வு ஊர்வலம் நடத்தி, உரை நிகழ்த்தி மட்டும் ஏற்றத்தாழ்வு குறையாது. அறிவுரையை உடனே பின்பற்ற நேரமும் பணமும் உள்ளவர்கள் முதலில் பயன்பெறுவார்கள், இடைவெளி விரியும். குழந்தை எங்கே இருக்கிறதோ அங்கே போய், தாயின் நேரத்தையும் குடும்பத்தின் பணத்தையும் எதிர்பார்க்காமல் செய்யப்படும் வேலைதான் கடைசிக் குழந்தையையும் தொடும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு அடித்தளம், பின்தங்கிய இடத்துக்குக் கூடுதலாக ஒரு பங்கு என்பதே பயன் தந்த முறை.

நம் நாட்டின் பதில் என்ன? பிறப்பு முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் 2013-ல் தொடங்கியது. கண்டறிய வேண்டிய நோய்களின் பட்டியலில் பல் நோய்களும் உண்டு. தேசிய வாய் நலத் திட்டம் 2014-15-ல் வந்தது. தமிழ்நாட்டில் 2023-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பரிசோதனைக்கு 'புன்னகை' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் முதலிடம் பெறுவது பரிசோதனை. பரிசோதித்துச் சொத்தை என்று எழுதித் தருவது சிகிச்சை ஆகாது. சீட்டை வாங்கிக்கொண்டு போகும் பிள்ளையின் வீட்டில் மறுநாள் கூலியை இழந்து மருத்துவமனைக்கு வர யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. எத்தனை லட்சம் பிள்ளைகளைப் பரிசோதித்தோம் என்ற எண் மேடையில் வாசிக்கப்படுகிறது. எத்தனை பற்களை அடைத்தோம், எத்தனை பிள்ளைகளின் வலி தீர்ந்தது, எந்த வட்டாரத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்ற எண்கள் பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. பரிசோதனையோடு நிற்கும் திட்டம் அரசின் மனநிறைவுக்கு உதவும். குழந்தையின் பல்லுக்கு உதவாது.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. பசித்த பிள்ளையால் படிக்க முடியாது என்பதை உணர்ந்து 1956-ல் பள்ளியில் மதிய உணவு போட்ட மாநிலம் இது. 1982-ல் அதைச் சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவைத் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் 31,008 அரசுப் பள்ளிகளுக்கு விரித்தது. மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. இரண்டு வயது முதல் பத்து வயது வரை ஏழைக் குழந்தை நாள்தோறும் வந்து உட்கார்ந்து உண்ணும் இடம் ஏற்கெனவே இருக்கிறது. பொறுப்பான ஒருவர் இருக்கிறார், தண்ணீர்க் குழாய் இருக்கிறது. ஸ்காட்லாந்து நர்சரிகளில் எதை வைத்துச் சாதித்ததோ அது நம் கையில் இருக்கிறது. சாப்பிட்டு முடித்த பிள்ளைகள் வரிசையாக நின்று இரண்டு நிமிடம் பல் துலக்க வேண்டும். இல்லாதது அதற்கான ஆணை மட்டுமே.

எனவே நாம் வலியுறுத்துவது இவை. அங்கன்வாடிகளிலும் அரசு, அரசு உதவிபெறும் ஆரம்பப் பள்ளிகளிலும் மேற்பார்வையோடு பல் துலக்குவதை அன்றாட நடைமுறையாக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய தனி பிரஷ், உரிய இடைவெளியில் புதியது, 1,000 பிபிஎம் அளவுள்ள ஃபுளோரைடு பற்பசை ஆகியவற்றை அரசே வழங்க வேண்டும். விடுமுறைக் காலத்துக்கு வீட்டுக்கும் தர வேண்டும். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசி மணி அளவு, அதற்கு மேற்பட்டோருக்குப் பட்டாணி அளவு பசை போதும். குழந்தைகளுக்கென்று விற்கப்படும் சில பற்பசைகளில் ஃபுளோரைடே இல்லை என்பதால் கொள்முதலில் கவனம் தேவை. சொத்தை தொடங்கிய பல்லுக்குத் துளையிடாமலே சில்வர் டயமின் ஃபுளோரைடு தடவி நோயை நிறுத்தலாம். பல் கருக்கும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டிச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். அந்த மருந்தும், ஃபுளோரைடு பற்பசையும், துளையிடும் இயந்திரமின்றிப் பல்லை அடைக்க உதவும் கிளாஸ் அயனோமர் சிமென்டும் 2021-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. இவற்றைப் பள்ளிக்கே கொண்டுசெல்லும் குழுக்கள் வேண்டும். வேலையின்றி இருக்கும் பல் மருத்துவப் பட்டதாரிகளுக்கு அங்கே பணி உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பல் செவிலியரை நியூசிலாந்து 1921-லேயே பயிற்றுவித்தது. அந்த வழியில் பள்ளிப் பல் சிகிச்சையாளர்களைப் பக்கத்து இலங்கை பல பத்தாண்டுகளாகப் பணியில் வைத்திருக்கிறது. நமக்கு மட்டும் அது எட்டாத ஏற்பாடாக இருக்க நியாயமில்லை.

எதிர்ப்புகள் வரும், சில நியாயமானவை. அங்கன்வாடி ஊழியர்கள் தலையில் ஏற்கெனவே பதிவேடுகளும் கணக்கெடுப்புகளும் குவிந்திருக்கின்றன. இன்னொரு வேலையை ஊதியமில்லாமல் சேர்ப்பது அநீதி. அதற்கு உரிய படியும், உதவிக்கு ஆளும், பழைய பதிவேட்டுச் சுமையில் குறைப்பும் தர வேண்டும். ஃபுளோரைடு அச்சத்துக்கும் பதில் உண்டு. நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதிகளில் மாவட்ட சுகாதாரத் துறை நீரைச் சோதித்து, தனி வழிமுறை வகுக்க வேண்டும். தர்மபுரியின் துயரத்தைக் காரணம் காட்டி மற்ற மாவட்டப் பிள்ளைகளுக்குக் காப்பு மறுக்கக் கூடாது. பணம் இல்லை என்ற வாதத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை. ஒரு குழந்தைக்கான பிரஷ்ஷும் பசையும் ஓராண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பதும், அதே குழந்தையின் ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை எவ்வளவு ஆகும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றிய அரசும் தன் பங்கைச் செய்தாக வேண்டும். சர்க்கரையின் அளவைக் கொண்டு பானங்களுக்கு வரி விதிக்க வேண்டும். ஃபுளோரைடு பற்பசைக்கு வரியே கூடாது. பள்ளியைச் சுற்றிய 50 மீட்டர் விதியை மீறுவோர் மீது நடவடிக்கை எடுத்து அதன் கணக்கை வெளியிட வேண்டும். நாடு தழுவிய புதிய வாய் நலக் கணக்கெடுப்பை நடத்தி, வருமானம், சாதி, ஊர், நகரம் என்று பிரித்து முடிவுகளை மக்கள் முன் வைக்க வேண்டும். அளக்கப்படாத ஏற்றத்தாழ்வுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

தனியார் பல் மருத்துவர்கள் சங்கங்களிடமும் நமக்குச் சொல்ல வேண்டியது உண்டு. ஆண்டுக்கு ஒரு முகாம், அதில் ஒரு படம், ஒரு செய்தி என்பதோடு கடமை முடியாது. முகாமில் கண்டறிந்த பிள்ளைக்கு இறுதிவரை சிகிச்சை தராத முகாம் விளம்பரம்தான். பொதுமக்களின் பணத்தில் அரசுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல்.

நமது தீர்ப்பில் தயக்கம் இல்லை. முழுதும் தடுக்கக்கூடிய ஒரு நோய், தடுக்கும் பொருளின் விலை மிகக் குறைவு, தடுக்கும் முறை பிற நாடுகளில் நிரூபிக்கப்பட்டது, அதைச் செய்வதற்கான இடமும் ஆட்களும் கையில் உள்ளன. ஆயினும் ஏழைக் குழந்தையின் பல் மட்டும் பிடுங்கப்படுகிறது. இதற்குப் பெயர் கவனக்குறைவு என்று இனியும் சொல்ல முடியாது. தெரிந்தே செய்யாமல் விடப்பட்ட கடமை இது. அதன் பொறுப்பு ஆட்சியில் இருந்த, இருக்கின்ற எல்லோரையும் சேரும். அதைக் கேளாமல் இருந்த நம் எல்லோரையும் சேரும்.

வாசகர்கள் தங்கள் ஊர் அங்கன்வாடிக்கும் ஆரம்பப் பள்ளிக்கும் சென்று, இங்கே பிள்ளைகள் பல் துலக்குகிறார்களா, சொத்தை என்று எழுதித் தரப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சிகிச்சை முடிந்தது என்று கேட்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கிராம சபையிலும் அதைத் தீர்மானமாக்க வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென்று தனித் தலைப்பில் நிதி ஒதுக்கி, வரும் கல்வியாண்டின் முதல் நாளிலேயே மாநில அரசு இதைத் தொடங்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சோறிட்ட மாநிலம் அந்தச் சோற்றை மென்று உண்ணும் பல்லையும் காக்கக் கடமைப்பட்டது.